ஆற்றோரக் காணி வாங்கப்போகிறீர்களா?



"அமைதியான இடம், வாசலிலேயே ஆறு" என்று சொல்லி நம்ம பூண்டுலோயாவில் காணி விற்கிறார்கள். ஆறு அமைதியாக இருப்பது வெயில் காலத்தில்தான். பேர்ச் என்ன விலை என்று கேட்கிறோம். 2025 நவம்பரில், டித்வா புயலின்போது, தண்ணீர் எதுவரை வந்தது, மண் எங்கே சரிந்தது என்று கேட்கிறோமா?

உறுதி சரியாக இருந்தால் மட்டும் போதாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைக் கேளுங்கள். அது கைக்கு வராமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

விற்கும் பொருளின் குறையை மறைப்பது ஹராம் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஊரில் தரகர் மறைக்கும்போது மட்டும் 'நமக்கேன் வம்பு' என்று நிற்கிறோம். போவது வெளிநாட்டில் பாடுபட்ட ஒரு பிள்ளையின் பத்து வருட உழைப்பு. அந்த வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். வாங்க வருகிறவரிடம் நாம்தான் சொல்ல வேண்டும்.