ஏட்டுச் சுரைக்காய்

ஹவாயில் சுரைக்குடுக்கையில் வேலை செய்யும் கலைஞர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பெரும்பாலும் குடும்பத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். பாட்டி, மூதாதையர், ஊர், பிறகுதான் கலை. என் அலுவலக நண்பனுக்கு இது சிரிப்பு. “இதெல்லாம் பிரவுச்சர்ல போடுற வசனம்டா. மியூசியத்துல இருக்கிறதை எல்லாம் த்ரீ-டி ஸ்கேன் பண்ணி சர்வர்ல போட்டாச்சுன்னா மரபு பத்திரம்” என்றான்.

நானும் கோட் எழுதிப் பிழைப்பவன்தான், ரொம்ப நாள் இதையே நம்பியவன்தான். இப்போது சொல்கிறேன், இது சுத்த அபத்தம்.

ஹவாய்க்காரர்களின் ‘இப்பு’ வேறெதுவும் இல்லை, நம்ம சுரைக்காய்தான். அதே தாவர இனம். பாலினீசியர்கள் கடல் தாண்டிக் கொண்டுபோனது. தண்ணீர்க் குடுவை, உணவுக் கிண்ணம், ஹூலா ஆட்டத்துக்குத் தாளம், எல்லாம் அதில்தான். நீஹாவ் தீவுக்காரர்கள் அதன் மேல் முக்கோணமும் கட்டமுமாக ஒரு கோலம் கொண்டுவந்தார்கள். பெயர் பாவெஹெ. வெளியே தீட்டிய மாதிரி இருக்கும். ஆனால் தீட்டியதல்ல. பச்சைக் காயின் மேல்தோலைக் கீறிவிட்டு, சாயத்தை உள்ளே ஊற்றி வைப்பார்கள். அது ஓட்டுக்குள் ஊறி ஊறி வெளியே கோலமாகத் தெரியும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியோடு இந்த வித்தை நின்றுபோனது. உலோகமும் பீங்கானும் வந்தது ஒரு காரணம். ஆனால் 1893இல் அரசியைக் கவிழ்த்துவிட்டு, 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் போட்ட காலமும் அதுதான். பாட்டியின் மொழி பேரனுக்குத் தெரியாத வீட்டில் சாயம் ஊற்றும் பக்குவம் மட்டும் எப்படித் தங்கும்?

இத்தனைக்கும் குடுக்கைகள் எங்கேயும் போகவில்லை. மியூசியக் கண்ணாடிப் பெட்டிகளில் பத்திரமாகத்தான் இருந்தன. சோர்ஸ் கோட் தொலைந்த எக்ஸ்இ ஃபைல் மாதிரி. ரன் ஆகும், பார்க்கலாம், ஒரு வரி திருத்த முடியாது. ப்ரூஸ் காஇமிலோவா கிறிஸ்மன் என்பவர் அந்த முறையைத் திரும்பக் கண்டுபிடித்ததே காய்களை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டித்தான். கொடியிலிருந்து காயைப் பறிக்காமல், கெடாமல் உலர்த்தாமல், பல மாதம் காத்திருக்காமல் இதைக் கற்க வழியே இல்லை. அதற்கு ஒரு கொல்லை வேண்டும், அதில் தண்ணீர் ஊற்ற வீட்டில் ஆள் வேண்டும்.

ஹவாயில் ‘கேலபாஷ் கசின்’ என்றொரு உறவுமுறை உண்டு. ரத்த சம்பந்தம் இருக்காது. ஒரே கிண்ணத்தில் கைவிட்டு, சேப்பங்கிழங்கை மசித்துச் செய்த ‘போய்’ சாப்பிட்டு வளர்ந்தவர்கள். குடுக்கையைச் சொல்லும் அதே சொல் அங்கே சொந்தத்தையும் சொல்கிறது. அப்படிப்பட்ட ஊர்க்காரர் குடும்பம்தான் தூண்டுதல் என்று சொன்னால் அதை விளம்பரம் என்று நினைக்கிறவன், கலைஞன் என்றாலே தனியறையில் தாடியோடு உட்கார்ந்திருக்கும் ஒற்றை ஆள் என்று நம்புகிறவன். நம்ம இலக்கிய உலகத்திலும் இந்த வியாதி கொஞ்சம் இல்லை.

நண்பனிடம் ஒன்றுதான் கேட்டேன்: “உன் சர்வர்ல இருக்கிற மாடலுக்கு விதை இருக்காடா?” அதுக்கும் சிரிச்சான்.