அந்தக் கறுப்பு டப்பா மேல் என்ன கோபம்?

வீவக புளோக்குகளில் தாழ்வார ஓரமாக ஒரு கறுப்பு டப்பா இருக்குமே, சிங்கப்பூர் மக்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கிராவிட்ராப் என்று பெயர். அதைப் பற்றி அக்கம்பக்கத்தில் பேசுவதைக் கேட்டால் தலை சுற்றுகிறது. "நம்ம வீட்டுல தண்ணி தேங்கினா 200 வெள்ளி அபராதம், அவங்களே தண்ணி ஊத்தி வெச்சா மட்டும் சும்மாவா?" என்று கேட்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுத்த அபத்தம்.

அது வைக்கோல் ஊறிய தண்ணீர். ரத்தம் குடித்து முட்டை சுமக்கும் பெண் ஏடிஸ் கொசுவை அந்த வாடை இழுக்கும். முட்டையிட உள்ளே இறங்கினால் சுவரில் இருக்கும் பசையில் ஒட்டிக்கொள்ளும். தப்பித் தவறி முட்டையிட்டுப் பொரிந்தாலும், தண்ணீருக்கு மேலே கம்பி வலை இருப்பதால் புதுக் கொசு வெளியே வர முடியாது. இது கொசுப் பண்ணை இல்லை சாமி, கொசுவுக்குக் கணக்குப்பிள்ளை! (எங்கள் தளத்தில் யாரோ அதற்குள் சிகரெட் துண்டு போடுகிறார்கள். அந்த மகானுபாவர் இதைப் படித்தால் சரி.)

கணக்கு எதற்கு என்கிறீர்களா? 1960களில் இங்கே நூற்றுக்கு 25-க்கும் மேற்பட்ட இடங்களில் ஏடிஸ் புழு இருந்தது. வீடு வீடாகச் சோதனை போட்டு, 1970களில் அதை 2-க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனாலும் 1990களில் டெங்கி திரும்ப வந்தது. 2020-இல் 35,000 பேருக்கு மேல், 2022-இல் 32,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். எத்தனை வீட்டில் புழு என்று எண்ணுவது வேறு, கடிக்கிற கொசு எத்தனை என்று எண்ணுவது வேறு.

சரி, நோயாளிகளை எண்ணினால் போதாதா? கொசு கடித்துக் காய்ச்சல் வரவே 4 முதல் 10 நாள். பிறகு டாக்டர், ரத்தப் பரிசோதனை... அதற்குள் அந்த நோயாளியைக் கடித்த கொசுக்கள் அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கும். பசையில் ஒட்டிய கொசுவோ, யாருக்கும் காய்ச்சல் வருவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிடும். 2017-இல் சுமார் 50,000 பொறிகளோடு தொடங்கி இப்போது 70,000-ஐத் தாண்டியிருப்பது வேடிக்கைக்கு அல்ல. வோல்பாக்கியா ஆண் கொசுக்களை விடுகிறார்களே, அதற்குப் பலன் இருக்கிறதா என்று பார்ப்பதும் இவற்றை வைத்துத்தான்.

"பொறி எல்லாம் வேண்டாம், புகை அடிங்க" என்கிற கட்சி ஒன்று உண்டு. புகை கண்ணுக்குத் தெரிகிறது, வேலை நடப்பது போல இருக்கிறது, அவ்வளவுதான். அது மேலே படுகிற கொசுவை மட்டும் கொல்லும், தண்ணீரில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. ஏடிஸ் இஜிப்டியோ வீட்டுக்குள் அலமாரி இடுக்கிலும் தொங்குகிற துணியிலும் உட்கார்ந்திருக்கும். போதாக்குறைக்கு, இங்குள்ள ஏடிஸுக்குப் பைரெத்ராய்டு மருந்துகள் பழகிப்போனதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

தேசியச் சுற்றுப்புற வாரியத்திடமும் எனக்குச் சண்டை உண்டு. கொசு அதிகமுள்ள வட்டாரங்களை 2021 முதல் இணையத்தில் வெளியிடுகிறார்கள். நல்லது, ஆனால் போதாது. அதை எத்தனை பேர் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள்? எங்கள் புளோக்கில் எத்தனை கொசு ஒட்டியது என்று ஒரு தாளில் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். பக்கத்து புளோக்கில் 1, நம் புளோக்கில் 9 என்றால், யாரும் சொல்லாமலே பூந்தொட்டித் தட்டுகள் கவிழும்.