கம்பியை அறுக்க வேண்டியதில்லை

2016-ஆம் ஆண்டு ஐபோன் 7 வெளிவந்தபோது அதில் 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளை இல்லை. அந்நீக்கத்திற்கு ஆப்பிள் நிறுவனம் மேடையில் கூறிய காரணங்களுள் ஒன்று, 'துணிவு'. பிற நிறுவனங்கள் பலவும் பின்தொடர்ந்தன. பழுதேதும் இல்லாத நல்ல ஹெட்போன்கள், செருக இடமில்லை என்ற ஒரே காரணத்தால் பழம்பொருள்களாயின.

புதிதாகக் கம்பியில்லா ஹெட்போன் வாங்குவதே தீர்வு என்கிறார்கள். நாம் உடன்படவில்லை. அதில் ஒலிப்பானும் பாட்டரியும் ஒரே கூட்டுக்குள் அடைபட்டவை. பாட்டரி சில ஆண்டுகளில் தளரும். மாற்ற வழியில்லையேல் நல்ல ஒலிப்பானும் உடன் குப்பைக்குப் போகும்.

இதற்கு மாற்றாக இருப்பது ப்ளூடூத் ரிசீவர். தீப்பெட்டியளவே இருக்கும் இச்சிறு கருவி, செல்பேசி அனுப்பும் டிஜிட்டல் ஒலியை வாங்கி, அனலாக் மின்குறிப்பாக மாற்றி, பெருக்கி, தன்னிடம் செருகிய ஹெட்போனுக்கு வழங்குகிறது. நாளை இதன் பாட்டரி ஓய்ந்தாலும் ஹெட்போன் பிழைத்திருக்கும். மூலநூல் நிலைத்திருக்க, காலத்திற்கேற்ப உரை மட்டும் புதிதாவதைப் போன்றது இது.

தேடுவோர் மூன்றைக் கருத வேண்டும். முதலாவது, வாங்குவது ரிசீவர்தானா என்பது. உருவில் ஒத்திருக்கும் டிரான்ஸ்மிட்டர் ஒலியை அனுப்புவது, இப்பணிக்கு உதவாது. இரண்டாவது, கோடெக். எஸ்பிசி எல்லாவற்றிலும் உண்டு. எல்டிஏசி நொடிக்கு 990 கிலோபிட் வரை கடத்தும். ஆயின் செல்பேசியும் அதை அறிந்திருக்க வேண்டும். ஐபோன் ஏஏசியோடு நின்றுவிடுவதால், அதை வைத்திருப்போர் எல்டிஏசிக்காகக் கூடுதல் விலை தருவது வீண். மூன்றாவது, ஆற்றல். சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போனை மலிவான ரிசீவர் இயக்கத் திணறும். ஃபியோ பிடிஆர்5, க்யூடெலிக்ஸ் 5கே போன்றவை அத்தகையோர் கருதத்தக்கவை.

யுஎஸ்பி-சி துளையில் செருகும் சிறு டாங்கிள் போதாதா என்று கேட்கலாம். விலை குறைவு, தனியே சார்ஜ் செய்யும் தொல்லையும் இல்லை. அசையாமல் அமர்ந்து கேட்பவருக்கு அதுவே மேல். செல்பேசியை மேசையில் விட்டு வீட்டில் நடமாடியபடி கேட்பவருக்கு ரிசீவரே ஏற்றது.

ஒரு பொருளின் ஆயுளை முடிவு செய்யும் உரிமை அதைப் பயன்படுத்துவோருக்கும் உண்டு என்பதே நம் கட்சி. பரணில் கிடக்கும் ஹெட்போனைத் தூக்கி எறியுமுன், ஒரு ரிசீவரோடு இணைத்துக் கேட்டுப் பார்க்கலாம்.