சுவரோடு ஆடும் பந்து

மயிலாடி என்றவுடன் உளியோசைதான் நம் நினைவுக்கு வரும். கல்லைக் கடவுளாகவும் சான்றோராகவும் வடிக்கும் சிற்பியர் வாழும் ஊர் அது. அண்மையில் அவ்வூர்த் தெருவொன்றில் நடந்தபோது உளியோசைக்கு இடையே இன்னோர் ஓசையும் நம் செவியில் விழுந்தது. நம் மாணவர் ஒருவர் வீட்டுப் பின்சுவரில் கால்பந்தை உதைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்கு வருபவர் அவர். மாலைப் பயிற்சிக்கு நின்றால் வீடு திரும்ப இரவாகிவிடும். ஆதலால் அணியில் அவருக்கு இடம் இல்லை. “இப்படி ஒத்தையில நின்னு அடிச்சு என்னத்துக்கு ஆகும் சார்?” என்று அவர்தம் அன்னையார் நம்மிடம் குறைபட்டார். அவ்வினாவுக்கு அன்று நாம் சரியாக விடை சொல்லவில்லை. இப்போது சொல்ல முயல்கிறோம்.

தனியே பந்தாடுதல் தமிழர்க்குப் புதிதன்று. பெருங்கதையில் மகளிர் ஒருவர்பின் ஒருவராக வந்து, எண்ணிக்கை சொல்லிப் பந்தடித்து ஒருவரையொருவர் விஞ்சுவர். குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லி பந்தாடும் அழகை அறியாத தமிழ் மாணவர் இலர். அவை கையால் ஆடும் பந்துகள்; நாம் பேசுவது காலால் ஆடும் பந்து. எனினும் எண்ணி எண்ணி ஆடிய அந்த முறைதான் இன்றைய தனிப்பயிற்சிக்கும் அடிப்படை. நேற்று பந்தைத் தரையில் விழவிடாமல் பன்னிரண்டு முறை காலால் தட்டியவர் இன்று பதினைந்து முறை தட்டினால், அவர் முன்னேறியதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இந்தியக் கால்பந்தின் பொற்காலத்தை உருவாக்கிய சையத் அப்துல் ரஹீம் ஐதராபாத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். 1951இல் புதுதில்லியிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் ஆசியப் போட்டித் தங்கத்தை நம் அணி வென்றது அவர் பயிற்சியில்தான். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றதும் அவ்வாறே. வலிமை குன்றிய காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்ற விதியோடு அவர் ஆட்டங்கள் நடத்தினார் என்பர். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இச்செய்தி மிகவும் இனிக்கிறது. மாணவன் எதில் வல்லவனோ அதையே மீண்டும் மீண்டும் செய்யவிட்டு மகிழ்வது எளிது. குறையுள்ள இடத்தில் அவனை நிறுத்திவைப்பதுதான் கடினம். போட்டி ஆட்டத்தில் இடக்காலைப் பழக்க எவரும் துணியார். பந்து தவறினால் தோழர்கள் சினப்பர். சுவரோ சினப்பதில்லை.

முறையும் எளியதே. சுவரிலிருந்து ஐந்து அல்லது ஆறு அடி வைத்து நிற்க வேண்டும். சுவரில் முழங்கால் உயரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கட்டம் வரைந்துகொள்ளலாம். பாதத்தின் உட்புறத்தால் பந்தை அக்கட்டத்திற்கு அனுப்ப வேண்டும். திரும்பும் பந்தை ஒரு தொடுதலில் அடக்கி, மறுகாலால் அனுப்ப வேண்டும். கோணலாக அடித்தால் பந்து கோணலாகவே திரும்பும். அதை ஓடி எடுக்கும் களைப்பே பிழையை உணர்த்திவிடும். பழகிய பின், அடக்காமலே திருப்பி அடிக்கலாம். பிறகு ஆறேழு கற்களை வரிசையாக வைத்து அவற்றினூடே பந்தை ஓட்டிச் செல்லலாம். கண் பந்தின் மேலேயே பதிந்துவிடாமல் தலையை நிமிர்த்தி ஓட்டுவது இதில் இன்றியமையாதது. மயிலாடியில் கல்லுக்கா பஞ்சம்! நாளொன்றுக்கு இருபது நிமிடங்கள் போதும். மாதத்திற்கொரு நாள் மூன்று மணி நேரம் ஆடுவதினும் இது பெரும்பயன் தரும் என்பது நம் கருத்து. ஆஸ்திரேலியச் சிற்றூரான பௌரலில் சிறுவன் பிராட்மன் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, அது திரும்பி வருகையில் ஒரு ஸ்டம்பினால் அடித்துப் பழகியதைக் கிரிக்கெட் அன்பர்கள் அறிவர்.

தனிப்பயிற்சி எல்லாவற்றையும் தந்துவிடும் என நாம் வாதிடவில்லை. எதிராளி எப்பக்கம் சாய்வான், தோழன் எவ்விடத்துக்கு ஓடுவான் என்பவற்றைச் சுவர் கற்பிக்காது. நம் மாவட்டத்தின் மேலைக் கடற்கரையில் தூத்தூர், இரவிபுத்தன்துறை முதலிய மீனவச் சிற்றூர்களில் கூடி ஆடும் மரபு வேரூன்றியுள்ளது. இரவிபுத்தன்துறையில் தோன்றிய மைக்கேல் சூசைராஜ் 2019-20ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் வாகை சூடிய ஏ.டி.கே. அணியில் ஆடினார். அத்தகைய சூழல் உள்நாட்டு ஊர்களின் பிள்ளைகளுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. வாய்க்காதவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது நியாயமோ?

ஆனால், நம்மவர் அவ்வாறு நிற்கத்தான் வைக்கிறோம். கல்வி நிறுவனங்கள் பதினொருவர் கொண்ட அணியையே விளையாட்டு எனக் கருதுகின்றன. பந்துகள் அணியினர்க்கே உரியனவாய் அலமாரியில் பூட்டப்படுகின்றன. நாம் அறிந்த ஒரு கல்லூரியில் சுவரில் பந்தடித்த மாணவனிடம் தண்டத்தொகை பெற்றனர். சுண்ணாம்பு உதிர்கிறதாம்! உதிர்ந்த சுண்ணாம்பை ஒரு கோடை விடுமுறையில் பூசிவிடலாம்.

நம் கோரிக்கை சிறிது. மிதிவண்டிக் கொட்டகைக்குப் பின்னுள்ள நெடுஞ்சுவரில் பத்தடி அகலத்திற்குச் சிமெண்ட் பூசி, ஐந்து பந்துகளை மாணவர் கையெழுத்திட்டு எடுத்துச் செல்ல விட்டால் போதும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. ஆடுகளம் சேறாகும் நாட்களிலும் கொட்டகையோரம் உலர்ந்திருக்கும். முதல் வகுப்புக்கு முன் கிடைக்கும் அரைமணி நேரத்தை மயிலாடி மாணவரைப் போன்றோர் அங்கே பயன்படுத்திக்கொள்வர். அணித்தேர்வு நாளில் அவர்களையும் அழைத்து, இரு கால்களாலும் பந்தடிக்கச் சொல்லிப் பார்க்குமாறு உடற்கல்வித் துறையினரை வேண்டுகிறோம்.