தெளிந்த நீரில் ஒளிந்த கிருமி!

புதுவைக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டதாக 2021-ல் அறிவிப்பு வெளியாயிற்று. வில்லியனூர், பாகூர் மக்களுக்கு அது நல்ல காரியம்தான்!

குழாயில் வரும் தண்ணீர் சுத்தமானதா? அதைச் சோதிக்கச் சிறு குப்பி இருக்கிறது. மலத்தில் வாழும் பாக்டீரியா கலந்திருந்தால், குப்பியில் ஊற்றிய தண்ணீர் கறுத்துவிடும். ஆனால் வைரஸ் இருந்தால் குப்பி காட்டிக் கொடுக்காது! வைரஸ், பாக்டீரியாவைவிட மிகமிகச் சிறியது. குளோரினுக்கும் சுலபத்தில் சாகாது.

இதற்கு டில்லி சாட்சி. 1955-ம் ஆண்டுக் கடைசியில், யமுனையில் குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்துவிட்டது. குளோரினை அதிகமாகப் போட்டார்கள். டைபாய்டு பரவவில்லை. ஆனால் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை! காரணம், 'ஹெப்படைட்டிஸ் ஈ' வைரஸ். இது தெரியவே பல ஆண்டுகள் ஆயின.

இன்று பி.சி.ஆர். சோதனை இருக்கிறது. கொரோனாவைக் கண்டுபிடித்த அதே சோதனைதான். நிறையத் தண்ணீரை வடிகட்டி, சிக்கிய வைரஸின் மரபுப் பொருளைக் கோடி மடங்காகப் பெருக்கி, இன்ன கிருமி என்று சொல்லிவிடும். செத்த வைரஸா, உயிருள்ளதா என்று மட்டும் அதற்குச் சொல்லத் தெரியாது. கொதிக்க வைத்தால் இரண்டு கிருமியும் சாகும் என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்ததே.

செலவு அதிகம்; தினமும் எல்லா ஊரிலும் செய்ய முடியாது. பேதி கண்ட ஊரின் மேல்நிலைத் தொட்டியிலாவது செய்யலாமே?