மருந்துக்கும் ஒரு மதகு வேண்டும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

நீடாமங்கலத்தருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என ஆறு மூன்றாகப் பிரிவதை நம்மில் அறியாதார் இலர். அங்கே மதகுகள் இல்லையெனில் என்னவாகும்? வந்த நீரெல்லாம் ஒரே மூச்சில் பாய்ந்து பயிரை மூழ்கடிக்கும். பின்னர் அதே பயிர் நீரின்றிக் காயும். நீர் இருந்தால் மட்டும் போதாது, அளவோடு விடவும் வேண்டும் என்பது காவிரிக் கழனி நமக்குக் கற்றுத் தந்த பாடம். இப்பாடம் மருந்துக்கும் பொருந்தும் என்பதே என் கருத்து.

சர்க்கரை நோய்க்குத் தரும் இன்சுலினை எடுத்துக்கொள்வோம். 1921இல் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் கண்டறிந்த இம்மருந்து ஒரு புரதம். மாத்திரையாக விழுங்கினால், பருப்பையும் முட்டையையும் செரிப்பது போலவே குடல் இதையும் செரித்துவிடும். ஆகவேதான் ஊசி. ஊசி வழியே சென்றாலும் சில மணி நேரத்தில் உடல் அதைச் சிதைத்துவிடுகிறது. ஆகவே மீண்டும் ஊசி!

இதற்கு முதலில் மதகு கட்டியவர் டென்மார்க் நாட்டு ஹாகடார்ன். மீனிலிருந்து பிரித்தெடுத்த புரோட்டமின் என்னும் பொருளை இன்சுலினோடு சேர்த்து, அது மெல்லக் கரையும்படி 1936இல் செய்துகாட்டினார். 2000இல் ஒப்புதல் பெற்ற கிளார்ஜின், தோலுக்கடியில் நுண்ணிய படிவாகத் தங்கி ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் கசிகிறது. வாரம் ஒருமுறை போடும் ஐகோடெக் 2024இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது.

ஆய்வு இதற்கும் அப்பால் செல்கிறது. உடலிலேயே கரையும் தையல் நூல் எவ்வகைப் பலபடியால் ஆனதோ, அவ்வகைப் பலபடியில் கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்கள் செய்து, அவற்றுள் புரதத்தை அடைப்பது ஒரு வழி. மற்றொரு வழி ஹைட்ரோஜெல். பாதாம் பிசினை ஊறவைத்தால் பருத்து நீரைப் பிடித்துக்கொள்கிறதல்லவா? அத்தகைய வலைக்குள் புரதத்தை வைத்தால் அது சிறுகச் சிறுக வெளியேறும். சொல்வது எளிது, செய்வது அரிது. சூட்டில் முட்டையின் வெள்ளைக்கரு உறைவது போலப் புரதம் தன் வடிவை இழந்தால் பயனும் போயிற்று. முதல் நாளிலேயே பெரும்பகுதி வெளியேறிவிடுவதும் உண்டு. இது மடை உடைந்த கதைதான்.

நம் நாடும் இதில் பின்தங்கிவிடவில்லை. 2010இல் புதுடில்லி தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்தில் அவதேஷ் சுரோலியா குழுவினர் இன்சுலின் மூலக்கூறுகளையே திரளாக்கி, ஒரே ஊசியில் 120 நாட்களுக்கு மேல் எலிகளின் சர்க்கரையைக் கட்டுப்படுத்தினர். ஆனால் அந்த ஊசி இன்னும் நம் மருந்துக்கடைக்கு வரவில்லை. அமெரிக்காவிலோ, பலபடி உருண்டைகளில் வளர்ச்சி ஹார்மோனை அடைத்த நியூட்ரோபின் டெப்போ 1999இல் ஒப்புதல் பெற்றது. மாதம் ஓரிரு ஊசி போதும். ஆயினும் தயாரிப்புச் சுமை தாளாமல் 2004இல் அது கைவிடப்பட்டது. அறிவியல் வென்றும் கணக்கு தோற்றது!

“இதெல்லாம் வசதி படைத்தோர்க்கான சொகுசு” என்பர் சிலர். நான் உடன்படேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நடவுக்குச் செல்லும் என் பெரியம்மாவுக்குக் காலையும் மாலையும் இன்சுலின். வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லை. ஈரமணல் இட்ட பானைதான் மருந்தைக் காக்கிறது. ஊசி போட்டுக்கொண்டு வயலில் இறங்கியபின் கஞ்சி வரத் தாமதமானால் கண் இருட்டுகிறது. அதற்கு அஞ்சி ஊசியை விட்டால் சர்க்கரை ஏறுகிறது. மெல்லக் கசியும் மருந்து முதலில் யாருக்கு வேண்டும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

எனினும் நாட்கணக்கு நீண்டால் மட்டும் போதாது. உள்ளே சென்ற மருந்தைத் திரும்ப எடுக்க இயலாது. நடவு நாளில் உடல் செலவிடும் சர்க்கரை வேறு. மழைக்கு வீட்டில் முடங்கும் நாளில் செலவிடுவது வேறு. மதகு கட்டினால் ஆயிற்றா? ஏற்றி இறக்கப் பலகையும் வேண்டுமே! இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது மட்டும் இன்சுலினை விடும் ஜெல்லை ஆய்வாளர்கள் தேடுவது இதற்காகத்தான்.

ஆகவே, புதிய மருந்து எத்தனை நாள் நிற்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். சித்திரை வெயிலைத் தாங்குமா, பட்டினிக்கும் உழைப்பிற்கும் ஏற்ப அடங்குமா, அரசு மருத்துவமனை வாங்கும் விலையில் கிடைக்குமா என்றும் கேளுங்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் பாதையைக் காட்டியுள்ளது. அப்பாதையில் வரத்தக்க மருந்துதான் இனி வேண்டும்.

இன்சுலினைக் கண்டறிந்தோர் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். பலபடிகளைப் பாடமாகப் படிக்கும் தோழர்களே, தேர்வு முடிந்ததும் அவற்றை மறந்துவிடாதீர்கள். நம் ஊர் வயலில் நிற்கும் கைகளுக்கு ஏற்ற மதகைக் கட்டும் பொறுப்பு, அந்த வயலிலிருந்து கல்லூரிக்கு வந்த நமக்கும் உண்டு.