'ஆம்' சொல்லும் முன்

2021-இல் கனடாவின் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டுச் செயலியை நிறுவப் போனார். நிறுவி முடித்தபோது டெஸ்க்டாப்பையே காணோம்.

செயலிகளை நிறுவும், நீக்கும் ஆப்ட் கருவி அவரை ஏமாற்றவில்லை. எந்தெந்த பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) நீக்கப்போகிறது என்று பட்டியல் போட்டு எச்சரித்தது. 'நான் சொல்வதைச் செய்' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தை முழுதாகத் தட்டினால்தான் வேலையைத் தொடங்குவேன் என்றது. அவர் தட்டினார். ஆனாலும் பழி முழுவதும் அவருக்கல்ல. ஸ்டீமுக்கு 32 பிட் லைப்ரரிகள் வேண்டும்; பாப் ஓஎஸ்ஸின் மென்பொருள் களஞ்சியத்தில் அவற்றில் ஒன்றின் பதிப்பு 64 பிட் பதிப்போடு பொருந்தவில்லை. முடிச்சு விழுந்தது அங்கே. பின்னர் ஆப்ட் உருவாக்குநர்களும் அந்த வாக்கிய வழியை மூடிவிட்டார்கள்.

லினக்ஸில் பெரும்பாலும் எந்தச் செயலியும் தனியாள் இல்லை. இன்ன லைப்ரரி, இன்ன பதிப்பு என்று கேட்டுக்கொண்டேதான் வரும். கேட்டது கிடைக்காவிட்டால் 'டிபெண்டன்சி' பிழை.

தமிழ்நாட்டுக்கும் இது அந்நியக் கதையல்ல. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் அதுவும் மாணவர் கைக்குப் போனது. மெச்சத்தக்க முடிவு. ஆனால் கணினியைக் கொடுப்பது பாதி வேலைதான். டெபியனின் ஒரு பதிப்புக்கு ஆதரவுக் காலம் முடிந்தால், அதன் பேக்கேஜ்கள் வழக்கமான சர்வரிலிருந்து பழைய பதிப்புகளுக்கான தனிக் களஞ்சியத்துக்குப் போய்விடும். இதை யாரும் சொல்லித்தராதபோது, அப்டேட் வராத மாணவர் இணையத்தில் கண்ட வேறொரு லினக்ஸின் களஞ்சிய முகவரியைச் சேர்ப்பார். இரண்டு வீட்டுச் சாவிகளைக் கலந்துபோட்ட கதையாகிவிடும்.

அப்படிச் சிக்கினால் முதலில் வெளிக் களஞ்சியத்தை நீக்கிவிட்டு பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். பாதியில் நின்ற நிறுவல்களை 'டிபிகேஜி கன்ஃபிகர்' கட்டளை முடித்துவைக்கும். அறுந்த இணைப்புகளை ஆப்டின் 'ஃபிக்ஸ் புரோக்கன்' பெரும்பாலும் சரிசெய்யும். ஆப்ட் கட்டளையோடு 'சிமுலேட்' சேர்த்தால் எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும்.

அரசுப் பள்ளிகளும் கல்லூரிகளும் கணினிப் பாடத்தில் இதற்கு ஒரு வகுப்பு ஒதுக்க வேண்டும். வீட்டில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள், 'ஆம்' என்பதற்கான 'ஒய்' அழுத்தும் முன் 'நீக்கப்படும்' என்ற பட்டியலை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.